சாயத்தின் மேல் பழி

பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரத்தம் நிரப்பிய சோதனைக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் ஒருநாள் மக்கர் பண்ணி நின்றுவிட்டது. "அதுக்கென்ன, அக்காவைப் பிடிச்சு அந்த இடத்துல நிறுத்துங்க, வேலை முடிஞ்சிரும்" என்று வரவேற்பு மேசையில் இருந்த பெண் சொல்லப்போக, அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. பம்பரத்துக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. உட்கார்ந்து பேசவே நேரமில்லாதவளுக்கு வருத்தப்பட நேரம் எங்கிருந்து வரும்?

காத்திருப்பது என்றால் அவளுக்கு வேப்பங்காய். அடுப்பில் பாலை வைத்தால் பொங்குவதற்குள் பத்துத் தடவை எட்டிப் பார்ப்பாள். லிஃப்ட் வரும்வரை நிற்க முடியாமல் ஐந்தாவது மாடிக்குப் படியேறிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே லிஃப்டில் வந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பாள். துப்பறியும் நாவலின் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, கொலைகாரன் யாரென்று தெரிந்த நிம்மதியில் மற்ற பக்கங்களுக்குப் போவாள். இப்படி ஒரு பிறவி.

நுண்ணோக்கியின் முன்னால் மட்டும் அவள் வேறு ஆள். கண்ணை வைத்துவிட்டால் கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் இருப்பாள். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்துப் படலமாக்கி, சாயம் ஊற்றி, கழுவிக் காயவைத்துப் பார்ப்பார்களே, அந்த ஸ்லைடு பார்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மாலையில் வந்து கையெழுத்துப் போடும் நோயியல் டாக்டர் மற்றவர்கள் வைத்த ஸ்லைடுகளை மேலும் கீழும் நகர்த்திப் பார்ப்பார். பம்பரம் வைத்தது என்றால் ஒரு பார்வை, ஒரு தலையசைப்பு, கையெழுத்து.

அவள் கணவர் அவளுக்கு நேர் எதிர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். முதல் கியருக்கும் மூன்றாவது கியருக்கும் வித்தியாசம் தெரியாதவர்களின் பக்கத்தில், தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நம்பி, நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. பால் வண்டியை இடிக்கப்போன ஒரு பெண்மணியிடம்கூட, "நல்லா ஓட்டினீங்கம்மா, நாளைக்கு ரோட்டுக்குள்ளேயே ஓட்டிப் பாக்கலாம்" என்றுதான் சொன்னாராம்.

காலையில் வண்டியில் ஏறும் முன்னால் கண்ணை மூடி ஒரு நிமிடம் கும்பிடுவார். பம்பரம் அதற்காக அவரைச் சீண்டாத நாளில்லை.

"கிளட்ச்சை உங்க சாமியா வந்து மிதிக்கும்?"

"என் வண்டியில ஏறுற ஆளுங்களை ஒரு நாள் வந்து பாரு. நீயும் பக்கத்துல நின்னு கும்பிடுவே."

இப்படியே பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. மகள் வெளியூரில் படித்தாள். வீட்டில் இரண்டு பேர், ஒரு பழைய சோபா, வாசக வட்டத்துக்காகப் பம்பரம் வாங்கிக் குவித்த புத்தகங்கள்.

அந்த வாசக வட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, நூலகத்தின் மாடியில் கூடுவார்கள். நூலகர் கறாரான பெண்மணி. அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். யாராக இருந்தாலும் புத்தகத்தைப் புகழ்வதற்கு முன்னால், அதில் தன்னை உறுத்திய இடம் எது என்று சொல்ல வேண்டும். 'அருமை, ஆழம்' என்று ஆரம்பிப்பவர்களைக் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "அதெல்லாம் அட்டையிலேயே போட்டிருக்கு. உங்களை எது உறுத்துச்சு, அதைச் சொல்லுங்க" என்பார். இதற்குப் பயந்தே பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் நிஜமாகவே படிக்கிறவர்கள்.

அந்த மாதத்துப் புத்தகம் ஒரு கட்டுரைத் தொகுப்பு. வானியல் பேராசிரியர் ஒருவர் அறிவியலையும் நம்பிக்கையையும் பற்றி எழுதியது. பம்பரத்துக்கு அந்தப் புத்தகத்தின்மேல் எடுத்த எடுப்பிலேயே கடுப்பு. மனிதர் எதையும் அடித்துச் சொல்லவில்லை, எல்லாரையும் தட்டிக்கொடுத்துக்கொண்டு போகிறார் என்பது அவள் புகார். பக்கங்களின் ஓரமெல்லாம் பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்தாள். கூட்டத்தில் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவதாக வீட்டில் சபதம் வேறு. கணவர் சிரித்தார். சிரித்தவர் சோபாவில் சாய்ந்தபடியே தூங்கிப்போனார்.

அதுதான் அவள் கண்ணில் பட்ட முதல் விஷயம். அவர் சாயங்காலம் தூங்குகிற ஆள் இல்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. விட்டு விட்டு வந்த காய்ச்சல். பல் தேய்க்கும்போது தொட்டியில் சிவப்பு. எங்கேயும் இடித்துக்கொண்டதாக நினைவே இல்லாத இடத்தில் நீலமாகக் கன்றிய ஒரு தடம். "வயசாகுதுல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தவரை நச்சரித்து, பெரிய டாக்டர் ஒருவரிடம் முன்பதிவு வாங்க வைத்தாள். கூட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமைதான் இடம் கிடைத்தது. வரும்போது ரத்தப் பரிசோதனை முடிவோடு வரச் சொன்னார்கள். அதற்கென்ன, வீட்டிலேயே ஆள் இருக்கிறதே. மறுநாள் காலை அவர் சட்டைக் கையை மடித்துவிட, சாப்பாட்டு மேசையிலேயே ரத்தம் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

சொந்தக்காரர்களின் ரத்தத்தை இன்னொரு கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் கூடத்தில் எழுதாத விதி. அன்றைக்கு இளைய டெக்னீஷியன் விடுப்பு. இருந்திருந்தாலும் இவள் கொடுத்திருப்பாளா என்பது சந்தேகம்தான். முடிவு வரும்வரை அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் ஆகாது.

அணுக்களை எண்ணும் இயந்திரம் வெள்ளை அணு கொஞ்சம் கூடுதல் என்று காட்டி, பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறியும் போட்டது. ஸ்லைடு பார்த்து உறுதி செய் என்று அதற்கு அர்த்தம். போட்டாள். பார்த்தாள்.

இருந்தது. பெரிதாக, உட்கரு உடம்பை முழுக்க அடைத்துக்கொண்டு, ஒரு முதிராத வெள்ளை அணு. எலும்புக்குள் வளர்ந்து பக்குவப்பட்ட பிறகுதான் வெளியே வர வேண்டியது. பிஞ்சாகவே ரத்தத்தில் சுற்றுகிறது என்றால், ஊற்றிலேயே கோளாறு என்று பொருள். ரத்தப் புற்றுநோய் என்ற அந்தப் பெயரை அவள் மற்றவர்களின் தாள்களில் கேள்விக்குறியோடு பலமுறை எழுதியிருக்கிறாள். கொஞ்சம் நகர்த்தினாள். இன்னொன்று.

வேறு யாராவதாக இருந்தால் அழுதிருப்பார்கள், அல்லது டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள். பம்பரம் சாயத்தைத் திட்டினாள். புட்டி அடியில் கசடு தங்கிவிட்டது, அதனால்தான் உட்கரு இப்படித் தடித்துத் தெரிகிறது என்று முடிவு கட்டினாள். சாயத்தை வடிகட்டி இரண்டாவது ஸ்லைடு போட்டாள். அதிலும் இருந்தது. படலம் இழுக்கும்போது கை வேகமாகப் போயிருக்கும், அணுக்கள் நசுங்கிவிட்டன என்றாள். மெதுவாக இழுத்தாள். இருந்தது. வைரஸ் காய்ச்சலில் சில அணுக்கள் இப்படி வேஷம் போடும் என்று படித்தது ஞாபகம் வந்தது. நான்காவது. வேஷமில்லை.

ஐந்தாவது ஸ்லைடை ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தாள். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள்.

அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் இந்தத் தப்பைச் செய்யத் தெரியும். ஒரு ஸ்லைடில் இருந்தாலே இருந்ததுதான், பத்தில் இல்லாவிட்டாலும் அது இல்லையென்று ஆகாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை முதல் பாடமாகச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். இருந்தும் ஐந்தாவதை டாக்டரின் தட்டில் வைத்தாள். மற்ற நான்கையும் கிருமிநாசினி வாளியில் போட்டாள். டாக்டர் ஒரு பார்வை பார்த்தார், தலையசைத்தார், 'தொற்று இருக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வாசலுக்கு வந்து கணவருக்குப் போன் செய்தாள். "ஒண்ணுமில்லைங்க. சாதாரணக் காய்ச்சல்தான்."

"நீயே பாத்தியா?"

"நானேதான் பாத்தேன்."

"அப்ப சரி" என்றார். பின்னால் யாரோ கியரை அரைக்கும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு நிமிடம்கூட நிலைகொள்ளவில்லை. முன்பெல்லாம் அவள் சுற்றியதற்கு ஒரு வேலை இருந்தது. இப்போது சும்மா சுற்றினாள். துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தாள். கணவர் பல் தேய்க்கும்போது குளியலறை வாசலில் ஏதோ தேடுகிறவள் மாதிரி நின்றாள். அவர் இருமினால் சமையலறையில் இவள் கையிலிருந்த பாத்திரம் கீழே விழுந்தது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் யார் ரத்தத்தைப் பார்த்தாலும் அந்தப் பெரிய உட்கருவே வந்து நின்றது. "அக்கா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்ட இளையவளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். அந்தப் பெண் பாவம், அழுதுவிட்டது.

கூட்டத்துக்காகப் புத்தகத்தை எடுத்தால் ஒரு வரி ஓடவில்லை. அந்தப் பேராசிரியர் எந்தப் பக்கத்திலும் அவளைத் திட்டவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

மனத்தில் ஒரு கணக்கு வைத்திருந்தாள். திங்கட்கிழமை பெரிய டாக்டரிடம் போகத்தானே போகிறார். அவர் சும்மா விடமாட்டார், இன்னொரு பரிசோதனை எழுதுவார், அது வேறு கூடத்துக்குப் போகும், வேறு கண் பார்க்கும். உண்மை வெளியே வருவதென்றால் அந்த வழியாக வந்துவிட்டுப் போகட்டும். தன் வாயால் வராமல் இருந்தால் போதும். இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த நாட்களைத் தள்ளினாள்.

சனிக்கிழமை மாலை கணவர்தான் வண்டியில் அழைத்துப் போனார். வழக்கமாகக் கீழே பத்திரிகை படித்துக்கொண்டு காத்திருப்பவர், அன்றைக்கு மாடிக்கே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முகம் தெளிவாக இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் அவள் முன்வரிசைக்குப் போய்விட்டாள்.

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் முதலில் எழுந்தார். "என்னை உறுத்தினது இவர் ரெண்டு பக்கமும் தலையாட்டறதுதான். ஒரு விடைன்னா அதுக்கு அடியில கோடு போடணும். இவர் கோடு போட மாட்டேங்கிறார்" என்றார். துணிக்கடை மேலாளர் அடுத்து. அவருக்கு உறுத்தியது புத்தகம் இல்லை, மாமியார். பிரார்த்தனையைப் பற்றிய கட்டுரையை மட்டும் எடுத்து வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுகிறாராம். "அடுத்த கட்டுரையில அவரே அதை மறுத்திருக்கார் அத்தேன்னு சொன்னா, கண்ணாடியைக் கழட்டி வெச்சிடறாங்க" என்றார். சபை சிரித்தது. பல் மருத்துவரான ஒரு பெண், "வலி போனா கடவுளுக்கு நன்றி சொல்றாங்க, போகலேன்னா என்கிட்ட சண்டைக்கு வர்றாங்க. இதைப் பத்தி இவர் ஒரு கட்டுரை எழுதியிருக்க வேண்டாமா?" என்று கேட்டார்.

பம்பரம் சிரிக்கவில்லை. கையில் இருந்த பென்சிலைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

நூலகர் கடைசி வரிசையைப் பார்த்தார். "சார், நீங்களும் படிச்சிருக்கீங்களா? சும்மா உக்காந்திருக்க இங்க அனுமதி இல்லை."

அவர் கூச்சத்தோடு எழுந்தார். "முழுசாப் படிக்கலைங்க. இவங்க சோபாவுல போட்டுட்டுப் போவாங்கல்ல, அப்ப ரெண்டு மூணு கட்டுரை படிச்சேன். உறுத்தின இடம்னா... நம்பறவனுக்குப் பயம் கிடையாதுன்னு ஒரு இடத்துல எழுதியிருக்கார். எனக்குக் கொஞ்ச நாளா உடம்பு சரியில்லை. பயந்துட்டேன். தினம் கும்பிடற ஆள்தான் நான், ஆனா பயம் போகலை. இவங்க என் ரத்தத்தைக் கண்ணால பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்க பாருங்க, அந்த நிமிஷமே போயிடுச்சு. திங்கட்கிழமை பெரிய டாக்டரைப் பாக்கறதா இருந்துச்சு. எதுக்குன்னு அதையும் வேண்டாம்னு சொல்லிட்டேன். இவங்களை மீறி அவர் என்ன பாத்துடப் போறார்? அதனால இந்த விவாதத்துல நான் அறிவியல் பக்கம்தாங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். கணக்கு ஆசிரியர், "இதுதான் விடை, கோடு போட்டுட்டார்!" என்று உரக்கச் சொன்னார்.

பம்பரத்துக்குக் காது அடைத்துக்கொண்டது. கடைசியாகப் பிடித்துக்கொண்டிருந்த கணக்கும் போயிற்று. இனி இந்த மனிதரை எந்த டாக்டரும் பார்க்கப்போவதில்லை. அவள் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு, தெளிவான முகத்தோடு, நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போவார்.

"அடுத்து நீங்கதான்" என்றார் நூலகர். "உறுத்தின இடம்?"

எழுந்தாள். புத்தகம் மடியிலிருந்து விழுந்தது, எடுக்கவில்லை. கூட்டத்தைப் பார்க்காமல் கடைசி வரிசையைப் பார்த்தே பேசினாள்.

"நான் சொன்னது பொய்ங்க."

அவர் இன்னும் லேசாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"அஞ்சு ஸ்லைடு போட்டேன். நாலுல இருந்துச்சு. ஒண்ணுல இல்லை. இல்லாததை மட்டும் டாக்டர்கிட்ட காட்டினேன். சாயம் சரியில்லைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சாயம் நல்லாத்தான் இருந்துச்சு."

பல் மருத்துவர் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்தார். அவள் விலக்கிவிட்டுக் கணவரிடம் போனாள். அவர் சட்டைப் பையில் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

படியில் இறங்கும்போதுதான் கேட்டார், "எதுக்கு அஞ்சாவது போட்டே?"

"நீங்க எனக்கு வேணுங்க. வேற எதுக்கு?" என்றாள். அவர் முன்னால் இறங்கிப் போனார். கோபமா பயமா என்று அவளுக்குப் புரியவில்லை. வண்டியில் ஏறியவர் கண்ணை மூடவில்லை, சாவியைத் திருப்பினார்.

பரிசோதனைக் கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது நோயியல் டாக்டர் கிளம்புகிற நேரம். பம்பரம் நின்றுகொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தாள், வாளியில் போட்டது உட்பட. டாக்டரின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வந்தவர், கதவருகில் நின்ற மனிதரைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். "நீங்க எதையும் தொடக் கூடாது. வெளியில உக்காருங்க" என்றார். இளையவள் ரத்தம் எடுத்தாள். இளையவளே படலம் இழுத்தாள், சாயம் ஊற்றினாள்.

கணவனும் மனைவியும் வெளியே நோயாளிகளின் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. அது இவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று தெரியாது. எழுந்து நடக்கக் கால் பரபரத்தது. எழுந்தால் அவர் தனியாக இருப்பார் என்று உட்கார்ந்தே இருந்தாள். அவர் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த பரிசோதனைகளின் பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்துக்கொண்டிருந்தார். அவள் கையைப் பிடிக்கவுமில்லை, நகர்ந்து உட்காரவுமில்லை.

டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மேசையில் ஸ்லைடுகள் வரிசையாக இருந்தன. அவர் எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டார். அவள் உட்காராமல் நின்றாள்.

"உங்க கண்ணு சரியாத்தாம்மா பாத்திருக்கு" என்றார்.

எத்தனையோ தடவை அவர் வாயிலிருந்து கேட்டுப் பூரித்த வார்த்தைதான். தன் கண் தப்பாக இருக்கக் கூடாதா என்று அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஏங்கினாள்.

"அது எந்த வகைன்னு எலும்பு மஜ்ஜை எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். வைத்தியம் இருக்கு. ஆனா இனிமே ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. யார்கிட்ட போகணும்னு நான் எழுதித் தர்றேன். வெளியில அவர்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"இல்லை சார். நானே சொல்றேன்."

வெளியே வந்தாள். அவர் எழுந்து நின்றார். அவர் கேட்கும்வரை அவள் காத்திருக்கவில்லை.

"இருக்குங்க."

"எல்லா ஸ்லைடுலயுமா?"

"எல்லாத்துலயும்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பார்த்துவிட்டு அந்தத் தாழ்வான நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியைக் கையால் தட்டினார்.

"சரி, நம்பறேன்" என்றார். "இப்ப வந்து உக்காரு. எனக்குப் பயமா இருக்கு."